குழாய் போடப் பணம் வந்தது, மோட்டார் ஓடப் பணம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், "தண்ணீர், கழிப்பறை, சாக்கடை, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேளுங்கள்" என ஒரு வரி எழுதியிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான், அதனால் கணக்காகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் வைத்துவிட்டார்கள். மாதக் கட்டணம் என்று சொன்னால், "கவர்மென்ட் போட்ட குழாய்க்கு நாங்க எதுக்குக் காசு தரணும்" என்று சண்டைக்கு வருகிறார்கள். கிராம சபையில் நான் என்ன பேசுவது?
– கிராமக் குடிநீர், சுகாதாரக் குழு உறுப்பினர், தர்மபுரி மாவட்டம்

அம்மா, அவர்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். குழாய் போட்டது அரசுப் பணம்தான். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த திட்டம் இது. அப்போது போட்ட மொத்த மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாய், அதில் ஒன்றிய அரசின் பங்கு 2.08 லட்சம் கோடி. நம்மைப் போன்ற மாநிலங்களில் பாதி டெல்லி, பாதி சென்னை. ஊருக்குள் ஆகும் செலவில் 10 சதவீதம் ஊர் மக்கள் போட வேண்டும், மலை ஊர், காட்டு ஊர், ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் இருக்கிற ஊர் என்றால் 5 சதவீதம் போதும், அதையும் பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை, பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்று விதி இருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு.

ஆனால் இதெல்லாம் போடுகிற செலவு. ஓட்டுகிற செலவு தனி. இந்த இரண்டையும் மக்கள் முன்னால் பிரித்துச் சொல்லாததால்தான் சண்டை வருகிறது.

ஒரு சின்னக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 7.5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஐந்தரை யூனிட் கரண்ட். தினம் ஆறு மணி நேரம் என்றால் மாதம் ஆயிரம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கரண்டுக்கு மட்டும் 8,000 ரூபாய். அப்புறம் டேங்க் ஆபரேட்டர் சம்பளம், பிளீச்சிங் பவுடர், கேட் வால்வு ஒழுகினால் வாஷர், எங்காவது டிராக்டர் ஏறிப் பைப்பு உடைந்தால் அதற்கு ஆள் கூலி. வருடத்துக்கு ஒரு தடவையாவது மோட்டார் காயில் எரியும், அதைத் தவிர்க்க முடியாது. 400 வீடு இருக்கிற ஊரில் வீட்டுக்கு 30 ரூபாய் வந்தால் 12,000. கரண்டும் பவுடரும் போகக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

மீதிக்கு என்ன வழி என்று கேட்பார்கள். ஊராட்சியில் "இரண்டாம் கணக்கு" என்று ஒன்று இருக்கிறது. மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டுவதற்கென்றே உள்ள கணக்கு அது, மாநில அரசு தரும் பணத்தில் ஒரு பகுதி அங்கே போகும். அதோடு, வரிப்பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையான காலத்துக்கு, ஊராட்சி மானியத்தில் 60 சதவீதத்தைத் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு, பாதி கழிப்பறை, குப்பை, கழிவுநீருக்கு. ஆக, மேலேயிருந்தும் பணம் வரத்தான் செய்கிறது. ஆனால் அது தவணை தவணையாக, அதற்கான நேரத்தில்தான் வரும். மோட்டார் எரிவது மே மாதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு மே மாதம் அங்கே கணக்குப் பார்க்கப் போயிருந்தபோது காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங் கடைக்காரர் முன்பணம் கேட்டார், ஊராட்சிப் பொதுக் கணக்கில் பணம் இல்லை, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கிப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் லாரித் தண்ணீர், குடம் 8 ரூபாய். மாதம் 30 ரூபாய் தர மாட்டேன் என்று கிராம சபையில் உரக்கக் கத்திய வீட்டுக்கு நேரே நின்றிருந்தேன். அந்த அம்மா தினம் ஆறு குடம் வாங்கினார், 48 ரூபாய். பன்னிரண்டு நாளில் 576 ரூபாய். அவர் கட்ட மறுத்த வருடக் கட்டணம் 360. அவரிடம் இதைச் சொன்னேன். "அது எங்களுக்கும் தெரியுங்க, ஆனா நாங்க கட்டுற காசு மோட்டாருக்குப் போகும்னு யார் சொல்வா" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்த ஊர்க் கணக்கைப் பார்த்தவன் நான்.

அதனால் கட்டணத்தை விளக்குவதற்கு முன்னால் கணக்கைச் சுவரில் எழுதுங்கள். இந்த மாதம் வசூல் இவ்வளவு, கரண்ட் இவ்வளவு, பவுடர் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. பெயிண்ட் அடித்த பலகையும் சாக்பீஸும் போதும். ஆறு மாதம் விடாமல் எழுதிய பிறகு மறுபடி பேசிப் பாருங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறதல்லவா, அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். துணையில்லாத முதியவர், வேலைக்குப் போக முடியாதவர் வீடுகளுக்குக் கட்டணம் வேண்டாம் என்று அதே சபையில் நீங்களே முன்மொழியுங்கள். இல்லாதவரை விட்டுவிட்டு இருப்பவரிடம் கேட்டால் ஊர் ஒத்துக்கொள்ளும்.

கேள்வி: பாதாளச் சாக்கடை வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், டெபாசிட் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். மக்கள் முன்பணம் கொடுத்து வேலை உண்மையிலேயே நடந்த ஊர் எங்கேயாவது உண்டா?
– குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர், தாம்பரம்

உங்களுக்குப் பக்கத்திலேயே உண்டு ஐயா. ஆலந்தூர்.

இன்றைக்கு அது சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. 1996இல் தனி நகராட்சி. அப்போது வீடுகள் எல்லாவற்றிலும் செப்டிக் டேங்க்தான், நிரம்பினால் லாரி, மழை வந்தால் தெருவில் ஓடும், கொசு கேட்கவே வேண்டாம். அந்த வருடம் நகராட்சித் தலைவராக வந்த ஆர்.எஸ்.பாரதி பாதாளச் சாக்கடை கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். திட்டச் செலவு ஏறக்குறைய 34 கோடி. ஒரு நகராட்சி தன் வருமானத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை அது. மாநில அரசு 1996இல் தனியார் நிதி நிறுவனங்களோடு சேர்ந்து தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தது, உலக வங்கிக் கடன் அதன் வழியாக வரும். அங்கே கடன் கேட்டால், உங்கள் ஊர் மக்கள் இதற்குப் பணம் தருவார்களா, அதைக் காட்டுங்கள் என்றார்கள்.

சரி, மக்களிடம் போனார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000. 1990களின் கடைசியில் 5,000 ரூபாய் என்பது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள், பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளம் அது. முடியாதவர்களுக்குத் தவணை வைத்தார்கள். உங்களைப் போன்ற நலச்சங்கங்களைத்தான் முதலில் கூப்பிட்டுப் பேசினார்கள், பிறகு தெருத்தெருவாக, வீடு வீடாக. மாதாமாதம் கட்டணமும் உண்டு என்பதை மறைக்காமல் முன்பே சொன்னார்கள். பல ஊர்களில் இந்த இடத்தில்தான் தப்பு செய்கிறார்கள், இணைப்பு கொடுக்கும் வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு பில் அனுப்புவார்கள், மக்களுக்கு ஏமாந்துவிட்டோம் என்ற கோபம் வந்துவிடும்.

பணம் வந்தது. முதல் ஆட்கள் கட்டும்வரை யாருக்கும் நம்பிக்கை இல்லை, அப்புறம் அடுத்த தெரு கட்டியதைப் பார்த்து இந்தத் தெரு கட்டியது. அந்த டெபாசிட்டும் கடனும் மாநில அரசின் உதவியும் சேர்ந்து 2000இல் வேலை தொடங்கியது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் கட்டியது, சுத்திகரித்த அளவுக்கு நகராட்சி காசு தரும் என்ற ஒப்பந்தத்தில். குழாய் பதிக்கும்போது நலச்சங்கத்துக்காரர்கள் பள்ளத்து ஓரத்தில் நின்று வேலையைப் பார்த்தார்கள். கையைவிட்டுக் காசு கொடுத்தவன் பள்ளத்தின் ஆழத்தை எட்டிப் பார்ப்பான் அல்லவா.

உங்கள் சங்கத்துக்கு என் யோசனை: டெபாசிட் கேட்க வருபவர்களிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்குமா, வேலை இத்தனை மாதத்தில் ஆரம்பிக்காவிட்டால் திரும்பக் கிடைக்குமா, இணைப்பு வந்த பிறகு மாதம் எவ்வளவு. இது எழுத்தில் வந்தால் நீங்களே முதல் செக்கைக் கொடுத்து அதன் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கேள்வி: கழிப்பறைக்கு அரசு தரும் 12,000 ரூபாயில் எதுவும் கட்ட முடியவில்லை. மேற்கொண்டு 20,000 கடன் தருகிறேன் என்று ஒரு பைனான்ஸில் வருகிறார்கள். வட்டி வெறும் 12 சதவீதம்தானாம். வாங்கலாமா?
– மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்

அவசரப்படாதேம்மா. முதலில் என்ன கட்டப் போகிறாய் என்று பார்ப்போம்.

அந்த 12,000 ரூபாய் ஊக்கத்தொகை, ஒன்றிய அரசு 7,200, மாநில அரசு 4,800. கட்டி முடித்த பிறகுதான் கணக்கில் ஏறும், அதனால் முதலில் கைக்காசு போட வேண்டியிருக்கிறது. கையில் காசு இருப்பவர் கட்டி வாங்கிக்கொள்வார், இல்லாதவர் பட்டியலில் பெயரோடு நிற்பார். இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

அடுத்தது, கொத்தனார் சொன்னார் என்று ஒரு லாரி செங்கலில் பெரிய செப்டிக் டேங்க் கட்டக் கிளம்பிவிடாதே. கிராமத்தில் இடம் இருந்தால் இரண்டு உறைக்குழி போதும். மூன்றடி அகல உறையை இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி, ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு அடுத்ததுக்குத் திருப்பிவிட வேண்டும், மூடியது ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்ந்த எருவாகிவிடும், லாரியும் வேண்டாம். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும். செலவு எவ்வளவோ குறையும்.

அந்த 12 சதவீத வட்டி இருக்கிறதே, அது எந்த வட்டி என்று கேள். முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டி என்றால், 20,000க்கு இரண்டு வருடத்தில் 4,800 ரூபாய், மாதத் தவணை 1,033. ஆனால் நீ மாதாமாதம் அசலையும் திருப்பிக் கட்டிக்கொண்டேதானே வருகிறாய்? குறைந்துவரும் பாக்கிக்கு வட்டி என்று கணக்குப் போட்டால் இது 21, 22 சதவீதத்துக்குச் சமம். கேட்கிற வட்டிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்குப் பதில் உன் குழு மூலமாக வங்கியில் கேள். கழிப்பறைக்கும் வீட்டுத் தண்ணீர் வசதிக்கும் கொடுக்கும் கடனை ரிசர்வ் வங்கி 2015இலேயே, வங்கிகள் கட்டாயம் ஒரு பங்கு ஒதுக்க வேண்டிய முன்னுரிமைக் கடனில் சேர்த்துவிட்டது, மேலாளர் தெரியாது என்றால் நீ எடுத்துச் சொல்லலாம்.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் பக்கத்துத் திருச்சியிலேயே கார்டியன் என்ற நிறுவனம் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் மட்டுமென்றே சிறு கடன் கொடுத்துவந்தது, அதை வாங்கித் திருப்பிக் கட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே திருச்சியில் குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்களே எடுத்துக் காசு வாங்கி நடத்தி, அந்த வசூலில் கரண்டும் துப்புரவும் பார்த்துக்கொண்டார்கள். தவணை கட்ட வருமானம் நிச்சயம் என்றால், 10,000க்குள் வாங்கு.

கேள்வி: ஜப்பான் கடன், ஜெர்மன் கடன், உலக வங்கி என்று தண்ணீருக்கு வெளிநாட்டுக் கடன் வாங்கினால் கடைசியில் நம் தண்ணீர் அவர்கள் கைக்குப் போய்விடாதா?
– கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, கடன் வாங்குவது வேறு, குழாயின் சாவியை ஒப்படைப்பது வேறு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் புளோரைடு. பிள்ளைகளுக்குப் பல் கறை பிடித்து, பெரியவர்களுக்கு எலும்பு வளைந்து தலைமுறை தலைமுறையாகப் பட்ட பாடு அது. 1,928.80 கோடி ரூபாய்த் திட்டம், ஜைக்கா என்ற ஜப்பான் அரசு உதவி நிறுவனத்தின் கடன், 2013இல் தண்ணீர் வந்தது. நீண்ட காலத் தவணை, குறைந்த வட்டி. குடிநீர் வாரியம் நம்முடையது, கட்டணம் வைப்பதும் நம் அரசு. அந்தக் கடன் இல்லாமல் இன்னும் இருபது வருடம் காத்திருந்தால் எத்தனை பிள்ளைகளின் எலும்பு வளைந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யென்னில் வாங்கிய கடனை ரூபாயில் சம்பாதித்துக் கட்டும்போது மதிப்பு ஏறி இறங்கும் ஆபத்து உண்டு, அது உண்மையான கவலை.

நீ பயப்படுவது நடந்த ஊரும் இருக்கிறது. பொலிவியாவில் கொச்சபம்பா. 1999இல் ஊர்த் தண்ணீரை ஒரு வெளிநாட்டுக் கூட்டு நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள், கட்டணம் தாறுமாறாக ஏறியது, மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2000 ஏப்ரலில் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டி வந்தது. ஆகவே பணம் எந்த நாட்டுடையது என்பதோடு நிறுத்தாமல், கட்டணத்தை யார் நிர்ணயிப்பார், ஒப்பந்தம் எத்தனை வருடம், நடுவில் வெளியே வர வழி இருக்கிறதா என்று கேள்.

உள்ளூரிலேயே பணம் திரட்டிய கதையும் உண்டு. 2002இல் தமிழ்நாட்டில் 13 சிறிய நகராட்சி, பேரூராட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கடன் பத்திரம் வெளியிட்டன, 30.41 கோடி ரூபாய், 15 வருடம். தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்க்காத ஊர்கள் அவை. மாநில அரசின் ஏற்பாடும், அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனத்தின் உத்தரவாதமும் பின்னால் இருந்ததால் பத்திரம் விலைபோனது. வெளிநாட்டுப் பணம் வராமல், வெளிநாட்டு உத்தரவாதம் மட்டும் வந்தது. நம் ஊர்ச் சேமிப்பே நம் ஊர்க் குழாயானது.

கேள்வி: செப்டிக் டேங்க் லாரிக்கு 2,500 கேட்கிறார்கள். ஒருவர் ஆளை இறக்கி 1,000க்கே முடித்துத் தருகிறேன் என்கிறார். சரியா?
– வாசகர், விழுப்புரம்

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தொட்டிக்குள் இருக்கும் விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரும் போவார். கழிவை அள்ள ஆளை இறக்குவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி இது குற்றம், இறக்கிய நீங்களும் மாட்டுவீர்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 14420க்குப் போன் செய்து உரிமம் உள்ள லாரியைக் கேளுங்கள். அந்தக் கூடுதல் 1,500 ரூபாயை ஒரு மனிதன் உயிரோடு வீடு போவதற்கான செலவாகப் பாருங்கள்.

லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017இல் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், அதன் பிறகு பல ஊர்களில் வந்திருக்கிறது. அங்கே போனால் நல்லது, ஏரிக்குப் போனால் அது உங்கள் குழாய்க்கே திரும்பி வரும்.

கேள்வி: ஒரு கம்பெனி எங்கள் பள்ளிக்குப் புதுக் கழிப்பறை கட்டித் தருகிறது. போன தடவை இன்னொரு கம்பெனி கட்டியது பூட்டிக் கிடக்கிறது. சோப்புக்குக்கூடப் பணம் இல்லை. என்ன செய்யலாம்?
– அரசுப் பள்ளி ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்

டீச்சர், 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், சுகாதாரமும் குடிநீரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கட்டிடம் என்றால் கல்வெட்டில் பெயர் வரும், அதனால் கட்டிடத்துக்கு மனம் வருகிறது. 2021 விதிகளில் "தொடர் திட்டம்" என்று ஒரு வழி இருக்கிறது, ஆரம்பித்த வருடம் போக மேலும் மூன்று வருடம் வரை செலவைப் பிரித்துக் காட்டலாம். அதைச் சொல்லிக் கேளுங்கள்: தூய்மைப் பணியாளர் சம்பளம், சோப்பு, பினாயில், தாழ்ப்பாள் ரிப்பேர், பெரிய பெண்களின் நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, இதெல்லாம் கட்டிடச் செலவோடு சேர்த்து ஒரே ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

அதுவரை, ஒன்றரை லிட்டர் பாட்டிலில் நான்கு டீஸ்பூன் துணி சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் குழாயடியில் கட்டிவிடுங்கள், கை கழுவ அது போதும், பையன்கள் தூக்கிக்கொண்டு போகவும் மாட்டார்கள். கம்பெனிக்காரர்களிடம் பேச வேண்டியதைத் திறப்பு விழாவுக்குத் தேதி கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள், ரிப்பன் வெட்டிய பிறகு போன் எடுக்க மாட்டார்கள்.